தலைமாட்டில் இருந்த பூட்ஸ்

அறுபதுக்கு மேல் போகாதே என்று பலகை வைத்திருக்கிறார்கள், நான் ஐம்பத்தெட்டில் போய்க்கொண்டிருக்கிறேன், என் வயதும் அதுதான், முள் ஆடாமல் நிற்கிறது, இருபத்திரண்டு வருஷமாக மதுரை ஆனையூரில் பெண்களுக்கு டிரைவிங் சொல்லிக்கொடுக்கிறவளின் கால், அது ஆடாது. ரோடு நூல் பிடித்த மாதிரிக் கிடக்கிறது. எதிரே ஒரு லாரி இல்லை, ஒரு ஆடு இல்லை, ராங் சைடில் வருகிற ஷேர் ஆட்டோ இல்லை, இப்படி ஒரு ரோடு ஊரில் இருந்தால் என்னிடம் வருகிற பிள்ளைகள் மூன்றே நாளில் லைசென்ஸ் வாங்கிவிடுவார்கள், ஆனால் பத்து நாளில் தூங்கியும் விடுவார்கள். நமீபியாவில் நம்மைப் போலவே இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள். வந்து இறங்கின அன்று வாடகை வண்டிக்காரன் இந்தப் பெரிய பிக்கப்பின் சாவியை இவரிடம் நீட்டினான், நான் குறுக்கே கை நீட்டி வாங்கிக்கொண்டேன், அவன் முழித்த முழியைப் பார்த்து இவர் அன்று ராத்திரி வரைக்கும் சிரித்தார். இப்போது சிரிக்கவில்லை. இரண்டு பக்கமும் செங்கல் பொடியைக் கொட்டிக் குவித்த மாதிரி மணல் குன்றுகள், காலை வெயில் பின்னாலிருந்து வந்து ஒரு பக்கம் சிவப்பாகவும் ஒரு பக்கம் கறுப்பாகவும் வெட்டிப்போட்டிருக்கிறது, இதைப் பார்க்கத்தான் இத்தனை தூரம் வந்தோம், இவர் தலையைத் தூக்கவே இல்லை. மடியில் வலது கால் பூட்ஸை வைத்துக்கொண்டு அதன் நாடாவை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டுகிறார். இடது கால் பூட்ஸைக் காணோம். அதை நரி தூக்கிக்கொண்டு போய்விட்டது. நரி தூக்குகிற இடத்தில் அதை வைத்தது நான். அது எனக்கு மட்டும்தான் தெரியும், முகாம் கேட்டிலிருந்து ஏழு கிலோமீட்டர் வந்துவிட்டோம், இன்னும் நான் சொல்லவில்லை.

சொல்லிவிடலாம். என்ன பெரிய விஷயம். ஒரு பூட்ஸ். ஆனால் அது வெறும் பூட்ஸ் இல்லை, இவருக்கு இரண்டு வயதில் போலியோ வந்து இடது கால் இரண்டேகால் அங்குலம் குட்டையாகிப்போனது, அந்த இரண்டேகால் அங்குலத்தைத் தேவசகாயம் என்று ஒரு ஆள் டவுன்ஹால் ரோட்டில் தக்கையும் தோலும் வைத்து அடியில் கட்டிக்கொடுப்பார், அதைப் போட்டால் டக், தொம், டக், தொம் என்று ஒரு தாளத்தோடு நடந்துவிடுவார், போடாவிட்டால் ஒவ்வொரு அடிக்கும் உடம்பு கிணற்றுக்குள் எட்டிப்பார்க்கிற மாதிரி இடது பக்கம் சாயும். மாற்று ஜோடி எடுத்துக்கொள்ளலாம் என்றார், நான்தான் வேண்டாம் என்றேன், பெட்டி கனம் என்றேன், அந்த இடத்தில் மூன்று கிலோ பொன்னி அரிசி வைத்தேன். அதுவும் நான்தான். சரி, அது போகட்டும். காலையில் கூடாரத்தின் ஜிப்பைத் திறந்து முதலில் வெளியே தலை நீட்டியது இவர். என் செருப்பு இரண்டும் இருந்தன, இவருடைய வலது பூட்ஸ் இருந்தது, இடது இல்லை. மணலில் சின்னச் சின்னப் பாதங்கள் வந்து, நின்று, திரும்பிக் காய்ந்த ஆற்றுப் பக்கம் போயிருந்தன. நாலு பொருள் இருக்க அது எப்படி அந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தது என்று கேட்டால், முகாமைப் பார்த்துக்கொள்கிற மார்த்தா சொன்னாள், தோல் அதிகமாக இருப்பதைத்தான் அது எடுக்கும் என்று. அவளும் நானும் ஆற்றில் ஒரு மைல் தேடினோம், யாருடையதோ ஒரு பழைய ரப்பர் செருப்பு கிடைத்தது, பல் பதிந்து. திரும்பி வந்தபோது இவர் கூடாரத்துக்குள் உட்கார்ந்து தலையணையை எடுத்து அதற்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தார். "மங்கை, நான் உள்ளதானே வச்சேன்? பாலித்தீன் பையில போட்டு, தலைமாட்டுல?" என்று கேட்டார். நான் கால் மணலைத் தட்டிக்கொண்டே, "தெரியலையேங்க" என்றேன்.

தெரியலையே. ஒரு வார்த்தை. வாயில் அது எப்படித் தயாராக உட்கார்ந்திருந்தது என்று தெரியவில்லை, நான் பொய் சொல்கிறவள் இல்லை, பொய் சொல்வதற்கு பயம் வேண்டும், எனக்கு யாரிடம் பயம். ஆர்.டி.ஓ.விடமே, "சார், என் பொண்ணு எட்டு போட்டதுல தப்பில்ல, நீங்க கம்பை நட்டதுலதான் தப்பு" என்று சொன்னவள் நான். தப்பு பண்ணுவதும் அபூர்வம், அதனால்தானோ என்னவோ ஒத்துக்கொண்டு பழக்கம் இல்லை. வண்டியில் புதிதாக உட்காருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்கிற முதல் பாடம், தப்புத் தெரிந்ததும் பிரேக்கில் காலை வை, யோசித்துக்கொண்டிருந்தால் ஒவ்வொரு செகண்டுக்கும் தூரம் கூடும் என்பது. பன்னிரண்டு கிலோமீட்டர் ஆகிவிட்டது. நல்ல தூரம்தான் கூடியிருக்கிறது. நேற்று சாயங்காலம் முகாமுக்குள் நுழையும்போதே பலகையில் படம் போட்டிருந்தார்கள், வாயில் ஷூவோடு ஒரு நரி, இவர் அதை வாய்விட்டு வாசித்து, "நம்ம ஊர் நரி ஆட்டுக்குட்டியத் தூக்கும், இது பாட்டா செருப்புக் கடையே வச்சிரும் போல" என்று சொல்லி, ராத்திரி படுக்கும்போது இரண்டு பூட்ஸையும் பையில் போட்டுத் தன் தலைமாட்டில் வைத்தார். என் கண் முன்னால் வைத்தார். தலைமாட்டில் செருப்பு. அதற்கு ஒரு முழம் தள்ளி என் குங்குமச் சிமிழும் திருப்பரங்குன்றத்து முருகன் படமும், அதற்குப் பக்கத்தில் அரிசிப் பை. நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் படுத்தேன், ஆனால் மனசுக்குள் ஒரு கல் உறுத்தியது, படுக்கையில் பருக்கை கிடந்தால் உறுத்துகிற மாதிரி. நாலு மணிக்கு எழுந்து பாத்ரூம் போய்விட்டுத் திரும்பி வந்தேன், குளிரில் பல் தந்தியடிக்கிறது, கண் பாதிதான் திறந்திருக்கிறது, என் செருப்பை வாசலில் கழற்றினேன், உள்ளே கையை விட்டேன், பையிலிருந்து பூட்ஸை எடுத்து என் செருப்புக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தேன், முனை வெளியே பார்க்க. வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். அந்த நிம்மதிதான் இப்போது சுடுகிறது. யோசித்துச் செய்ததாக இருந்தால் ஒரு நியாயம் சொல்லலாம், கை தானாகச் செய்தது, கிளட்ச்சைக் கால் மிதிக்கிற மாதிரி, ஐம்பது வருஷமாக வாசலில் கிடக்கிற செருப்பையெல்லாம் ஜோடி சேர்த்து வைத்த கை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள், பாலைவனம் மட்டும் என்று யாரும் சொல்லவில்லை.

பதினெட்டு. ஒரு நீளக் கொம்பு மான் ரோட்டோரம் நிற்கிறது, கொம்பு இரண்டும் ஈட்டி மாதிரி, முகத்தில் கறுப்புக் கோடு. "ஏங்க, பாருங்க" என்றேன். பார்த்தார். "ம்" என்றார். திரும்ப நாடா. அப்புறம் வாய்க்குள் ஏதோ முணுமுணுக்கிறார். முதலில் சுலோகம் என்று நினைத்தேன், இவருக்கு ஏது சுலோகம். காதைத் தீட்டிக்கொண்டேன். கொட்டாம்பட்டி, கருங்காலக்குடி, வஞ்சிநகரம், தும்பைப்பட்டி, நாவினிப்பட்டி. இவர் சர்வே டிபார்ட்மெண்டில் முப்பத்தாறு வருஷம் இருந்தவர், மேலூர் தாலுகாவில் முதல் வேலை, அளக்கிற சங்கிலியைத் தூக்கிக்கொண்டு போன கிராமங்களைப் போன வரிசையிலேயே மனப்பாடமாகச் சொல்வார், பையனைத் தூங்கவைக்க அதைத்தான் சொன்னார், மொத்தம் முப்பத்தொன்று, எனக்கும் மனப்பாடம். இப்போது ஏன் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். இவருடைய அண்ணன், சிவகங்கையில் இருந்த பெரியவர், முதலில் மூக்குக் கண்ணாடியைத் தேடினார், அப்புறம் சைக்கிளைத் தேடினார், எங்கே வைத்தேன் எங்கே வைத்தேன் என்று வீட்டையே தலைகீழாகப் புரட்டினார், கடைசியில் சொந்த மகளைப் பார்த்து "நீங்க யார் வீட்டுப் பொண்ணும்மா" என்று கேட்டார். அப்போது இவர் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். அன்றைக்கு பஸ்ஸில் திரும்பி வரும்போது, "எனக்கும் இப்படி வந்துச்சுன்னா மொத ஆளா நீ சொல்லிரணும், மறைக்கக் கூடாது" என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். சத்தியம் பண்ணினேன். இன்று காலையில் இவர் என்னிடம் கேட்டது பூட்ஸைப் பற்றி இல்லை. உள்ளதானே வச்சேன் என்று கேட்டது தன் புத்தியைப் பற்றி. அதற்குத்தான் நான் தெரியலையே என்று சொன்னேன். சருகுவலையபட்டி, கீழவளவு, என்று சொல்லிவிட்டு நின்றார். கீழவளவு. கீழவளவு. நாடா நின்றுவிட்டது. விரல் காற்றில் ஒரு கோடு போட்டுப் பார்க்கிறது. எனக்கு அடுத்த பேர் தெரியும், நாக்கு நுனியில் நிற்கிறது, சொன்னால் ஒட்டுக்கேட்டேன் என்று ஆகும், சொல்லாவிட்டால் இந்த மனிதர் கீழவளவிலேயே நின்று செத்துப்போவார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். கொட்டாம்பட்டி.

அடுத்த வளைவில் சொல்லிவிடுகிறேன். இந்த ரோட்டில் வளைவே இல்லை, அதுதான் தொல்லை. இருபத்தைந்து. முந்தாநாள் ஜல்லி ரோட்டில் டயர் வெடித்தபோது எவ்வளவு நன்றாக இருந்தோம். நான் ஜாக்கியை முட்டுக்கொடுத்து நட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன், ஒரு ஜெர்மன்காரத் தம்பதி வண்டியை நிறுத்தி உதவட்டுமா என்று இவரைக் கேட்டார்கள், இவர் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடி, "வேண்டாங்க, அவங்களுக்குக் கோபம் வரும்" என்று தமிழிலேயே சொல்லிக் கையால் ஜாடை காட்ட, அவர்களும் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து நான் டயர் மாட்டியதை முழுசாகப் பார்த்துவிட்டுக் கை தட்டினார்கள். அப்புறம் அங்கேயே அடுப்பைப் பற்றவைத்துத் தக்காளி சாதம் கிளறினேன், அந்த அம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு இரண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டாள். ஊரில் கிளம்பும்போது எங்கள் மகன் கேட்டான், ரிட்டையர் ஆனவர்கள் காசி ராமேஸ்வரம் போகாமல் எதற்கு ஆப்பிரிக்கா என்று. இவருக்கு எட்டாம் வகுப்பு அட்லஸில் இந்த நாட்டு எல்லையைப் பார்த்ததிலிருந்து ஆசை. "யாரோ ஒருத்தன் ஸ்கேல் வச்சு நேரா இழுத்திருக்கான் மங்கை, ஒரு கிணறு குறுக்க வரல, ஒரு பங்காளி குறுக்க வரல, எப்படின்னு நேர்ல போய்ப் பாக்கணும்." வந்து பார்த்துவிட்டு முதல் நாளே தீர்ப்புச் சொன்னார், மொத்தமும் புறம்போக்கு என்று. மணல் குன்றுகளுக்கு நம்பர் வைத்திருப்பது இவருக்குப் பரம சந்தோஷம். கேட்டிலிருந்து நாற்பத்தைந்தாவது கிலோமீட்டரில் இருப்பதால் ஒரு குன்றுக்கு நாற்பத்தைந்து என்றே பேர், "அதுதான் நம்ம சர்வே நம்பர், அது மேல ஏறி நின்னு நாலு பக்கமும் பாக்கணும், கல்லே நடாத நெலம் எப்படி இருக்குன்னு" என்று ஆறு மாதமாக என்னைப் படுத்தி, தினமும் மொட்டை மாடிப் படியை ஏறி இறங்கிப் பழகினார், டக், தொம், டக், தொம், கீழ் வீட்டுக்காரம்மா ஆட்டுரல் வாங்கியிருக்கிறீர்களா என்று கேட்டாள். அந்தக் குன்றுக்குத்தான் இப்போது போய்க்கொண்டிருக்கிறோம். கிளம்பும்போது சொன்னார், "நான் வண்டியிலயே உக்காந்துக்கறேன், நீ ஏறிட்டு வா, போட்டோ எடுத்துட்டு வா." கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. பஸ்ஸில் இடம் விடுகிறவர் மாதிரிச் சொன்னார்.

முப்பது. முப்பத்தொன்று. கல்யாணமாகி முப்பத்தொரு வருஷம். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று நான் ஜன்னல் கதவிடுக்கில் நின்று பார்த்தேன், காரிலிருந்து இறங்கி வாசல்படி வரைக்கும் டக், தொம் என்று கொஞ்சம் விறைப்பாக நடந்து வந்தார், கால் குறை பெரிதாகத் தெரியவில்லை. வாசலில் இவர் அம்மா தோளைத் தொட்டு மெல்லச் சொன்னது எனக்குக் கேட்டது, "கழட்டாதடா, போட்டுக்கிட்டே வா, ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க." இவர் குனிந்து இரண்டு நாடாவையும் அவிழ்த்தார். அவசரப்படவில்லை. பூட்ஸை ஜோடியாகச் சுவரோரம் வைத்துவிட்டு, வெறுங்காலோடு எங்கள் கூடத்துக்குள் வந்தார், ஒவ்வொரு அடிக்கும் சாய்ந்து சாய்ந்து, எங்கள் சித்தப்பா மாமா அத்தனை பேரும் பார்க்க. நாற்காலி கடைசியில் கிடந்தது. அந்தப் பதினைந்து அடியை நான் எண்ணினேன். உள்ளே போய், இவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று சொன்னேன். அழகுக்காக இல்லை, சர்க்கார் வேலைக்காக இல்லை, மறைக்கத் தெரியாத ஆள் என்பதற்காக. அப்படிப்பட்டவரைக் கட்டிக்கொண்டு, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், அதுவும் ஸ்டியரிங்கைக் கடிகாரத்தில் மணி பத்து பத்து காட்டுகிற மாதிரிச் சரியாகப் பிடித்துக்கொண்டு. கீழவளவு, என்று மறுபடி சொன்னார். இந்தத் தடவை சத்தமாகவே வந்துவிட்டது. என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருக்கிறது. "மங்கை, கீழவளவுக்கு அடுத்து என்ன?"

பிரேக்கில் கால் வைத்தேன். நல்ல பிரேக், குலுங்காமல், பாடம் நடத்துகிற மாதிரி. கண்ணாடி பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, ரோட்டை விட்டு இறக்கி நிறுத்தினேன், யாருக்காக இண்டிகேட்டர் போட்டேன் என்று தெரியவில்லை. "பூட்ஸ நீங்க உள்ளதாங்க வச்சீங்க" என்றேன். என்னைப் பார்த்தார். "பாலித்தீன் பையில போட்டு, தலைமாட்டுல. நான் பாத்தேன். நாலு மணிக்கு நான்தான் எடுத்து வெளிய வச்சேன். சாமி படம் இருந்துச்சு, தலைமாட்டுல செருப்பு, கை தன்னால எடுத்து வச்சிருச்சு. காலைல நீங்க கேட்டப்ப பொய் சொல்லிட்டேன்." சொல்லி முடிக்க மூச்சு போதவில்லை. என்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது, அணைத்தேன், அணைத்ததும் அந்த நிசப்தம் காதில் அறைந்தது, இந்த ஊரில் ஒரு காக்காய் கூட இல்லை. "நாலு மணிக்கா" என்றார். "ஆமாங்க." "அப்ப நான் தலகாணிக்கு அடில தேடினப்ப உனக்குத் தெரியும்." "தெரியும்." "மார்த்தாகூட ஆத்துல தேடினப்பவும் தெரியும்." "தெரியுங்க." கதவைத் திறந்தார். கூடாரத்துக் கம்பி ஒன்றைக் கைத்தடியாக எடுத்து வைத்திருந்தோம், அதைக்கூட எடுக்காமல் இறங்கி, வெறுங்காலோடு தார் ரோட்டில் முன்னால் நடந்தார், சாய்ந்து சாய்ந்து, எங்கள் கூடத்தில் நடந்த அதே நடை. நானும் இறங்கப் போனேன், கால் வரவில்லை. எனக்கு யாரிடம் பயம் என்று கேட்டேன் அல்லவா, அந்த முதுகிடம் பயம். எண்ணினேன், பதினைந்து, இருபது, முப்பது அடி, அங்கே நின்றார். மணல் காடு பூராவும் இவரைத் தவிர நிமிர்ந்து நிற்கிற பொருள் ஒன்றும் இல்லை. இப்படியே நடந்து போய்விட்டால் நான் என்ன செய்வேன் என்று ஒரு கணம் நினைத்தேன், வண்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே முதல் கியரில் போவேன், அட்லாண்டிக் வரைக்கும் போவேன், வேறென்ன செய்வது. திரும்பி வந்தார். ஜன்னல் பக்கமாக நின்றார். முகம் சிவந்திருந்தது. "எங்கண்ணன் மாதிரி ஆயிட்டேன்னு நெனச்சேன்டி. ரெண்டு மணி நேரம். கையெழுத்துப் போட்டுப் பாத்தேன், அது சரியா வருதான்னு. ஒன் பேர மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பாத்தேன்." "தப்புதாங்க" என்றேன். "நரி என்னத் தூக்கிட்டுப் போயிருந்தாக்கூடத் தெரியலையேன்னுதான் சொல்லியிருப்ப." "மாட்டேங்க." "ஒன் சாமிக்கு எம் பூட்ஸு அவ்வளவு தொந்தரவா இருந்துச்சா? அவரே மயில் மேல ஏறிப் போறவரு, அவருக்கு செருப்பப் பத்தி என்ன தெரியும்?" கோபமாகத்தான் கேட்டார், ஆனால் எனக்கு மூச்சு வந்தது, இவர் கோபத்தில் முருகனை இழுத்தால் பாதி இறங்கிவிட்டது என்று அர்த்தம். ஏறி உட்கார்ந்து கதவை அறைந்து சாத்தினார். "ஓட்டு" என்றார். கீழவளவுக்கு அடுத்த பேரை நான் சொல்லட்டுமா என்று வாயெடுத்தேன். "நீ சொல்லாத" என்றார்.

நாற்பத்தைந்தில் நாலு வண்டிகள் நிற்கின்றன. குன்று அடிவாரத்திலிருந்து வளைந்து வளைந்து மேலே போகிறது, அதன் முகட்டில் எறும்பு வரிசை மாதிரி ஆட்கள். இவர் வண்டியில் உட்காரவில்லை. இறங்கி, பேண்ட்டை முழங்கால் வரைக்கும் சுருட்டிவிட்டு, கையைக் கண்ணுக்கு மேல் குடை பிடித்துக் குன்றைப் பார்த்தார். ஆட்களைப் பார்க்கவில்லை, வழியைப் பார்க்கவில்லை, சரிவைப் பார்த்தார், வயலைப் பார்க்கிற சர்வேயர் பார்வை அது, எத்தனை பங்காளிகள் அந்தப் பார்வைக்கு முன்னால் வாயடைத்துப் போயிருக்கிறார்கள். நான் என் செருப்பைக் கழற்றி வண்டிக்கு வெளியே டயர் ஓரமாக ஜோடி சேர்த்து வைத்தேன். திரும்பிப் பார்க்காமலே சொன்னார், "அதத் தூக்கி உள்ள வை." வைத்தேன். மணல் குளிர்ந்து கிடந்தது, நனைத்து வைத்த அரிசியில் காலை வைத்த மாதிரி. முதல் பத்தடி தரைமட்டத்தில் சாய்ந்து சாய்ந்துதான் நடந்தார், நான் கை கொடுத்தேன், வாங்கவில்லை. எல்லோரும் முகட்டுக்கு மேலேயே ஏறுகிறார்கள், இவர் முகட்டை விட்டு வலது பக்கம் ஒரு காலடி இறங்கினார், இடது காலை மேட்டில் ஊன்றினார், வலது காலைச் சரிவில் ஊன்றினார், நின்றார். நிமிர்ந்தார். இன்னொரு அடி வைத்தார். எனக்கு முதலில் என்ன மாறியது என்று புரியவில்லை, ஏதோ வேறு ஆளைப் பார்க்கிற மாதிரி இருந்தது, பிறகுதான் உறைத்தது, தோள் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன. சாயவில்லை. அடுத்த அடியும் சாயவில்லை. "என்னங்க" என்றேன். "இடது கால் மேட்டுல, வலது கால் பள்ளத்துல" என்றார், மூச்சு வாங்க, குன்றிடம் பேசுகிற மாதிரி. "ரெண்டேகால் அங்குலத்த மண்ணே குடுக்குது. கணக்கு சரியாப்போச்சு." "எறங்கும்போது என்ன பண்ணுவீங்க?" "எறங்கும்போது அந்தப் பக்கம் மாறிக்குவேன். நீ வாய மூடிக்கிட்டு ஏறு."

ஏறினேன். ஓரடி வைத்தால் அரையடி பின்னால் சறுக்குகிறது, முழங்கால் வலிக்கிறது, பிடரியில் வெயில் ஏறுகிறது, மதுரையில் ஸ்கூட்டியில் சந்து சந்தாகப் போகிறவளுக்கு நடை எங்கே இருக்கிறது. இவர் நிற்கவே இல்லை. இருபது அடி முன்னால் போய்விட்டார், முப்பது அடி. டக்கும் இல்லை தொம்மும் இல்லை, இந்த மனிதர் எங்கே இருக்கிறார் என்று வீட்டில் எந்த அறையிலிருந்தாலும் காதாலேயே சொல்லிவிடுவேன், இப்போது சத்தமே இல்லாமல் போகிறார், கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. பார்த்துக்கொண்டே இருந்தேன். மன்னித்துவிட்டாரா என்று தெரியவில்லை, இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம், நான் கேட்பேன், கேட்காமல் விடுகிறவள் இல்லை. அந்த ஜெர்மன்காரத் தம்பதி மேலே முகட்டில் உட்கார்ந்திருந்தார்கள், என்னை அடையாளம் கண்டு கையை ஆட்டினார்கள், அந்த அம்மாள் இவரைக் காட்டித் தன் புருஷனிடம் ஏதோ சொன்னாள், இவருக்குக் கால் சரியாகிவிட்டதா என்றுதான் கேட்டிருப்பாள். பாதிக் குன்றில் நான் உட்கார்ந்துவிட்டேன், நுரையீரல் இரண்டும் வாய்க்கு வந்துவிட்டன. இவர் உச்சிக்குப் பக்கத்தில் நின்றார். நாலு பக்கமும் பார்த்தார், ஒவ்வொரு பக்கமாக, நிறுத்தி நிதானமாக, கல்லே நடாத நிலத்தை. அப்புறம் என் பக்கம் திரும்பினார். ஏதோ சொல்லப்போகிறார் என்று கையைக் காதில் வைத்துக்கொண்டேன், திட்டப்போகிறார் என்றால் திட்டட்டும், அத்தனை உயரத்திலிருந்து வருகிற திட்டு எனக்கு வேண்டும். கையை வாயருகே குவித்துக்கொண்டு, அந்தப் பாலைவனம் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினார்:

"அட்டப்பட்டி!"